பிஇ 6 உருவான செலவில் உங்க பங்கு எவ்வளவு?

போன வீடியோவில் கணக்கை கொஞ்சம் வேகமா ஓட்டிட்டேன். இங்க நிதானமா பார்த்துடலாம்.

சரவணம்பட்டி சிக்னல்ல நின்னா சத்தி ரோட்டுல இப்போ மஹிந்திரா பிஇ 6 அடிக்கடி கண்ணுல படுது. கீரணத்தம் பக்கம் ஐடி பார்க்ல வேலை பார்க்கிற பசங்க டீக்கடையில் பேசுறதும் இதைப் பத்தித்தான். பார்க்க ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி இருக்கு, உள்ள உட்கார்ந்தா சொகுசு, விலையும் ஜெர்மன் கார் அளவுக்கு இல்ல. அந்த விலைக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சா, வாங்குறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணலாம்.

2022 ஆகஸ்ட் 15 அன்னைக்கு, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்ட்ஷையர்ல 5 மின்சார எஸ்யூவி மாதிரிகளை மஹிந்திரா காட்டினாங்க. அதுல பிஇ.05-ன்னு இருந்ததுதான் இன்னைக்கு பிஇ 6. டிசைனுக்கு அங்க பான்பரியில் ஒரு ஸ்டூடியோ. பொறியியல் வேலைக்கு நம்ம செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இருக்கிற ரிசர்ச் வேலி. ஓட்டிப் பார்க்க செய்யாறு சோதனைத் தடம். தயாரிப்பு மட்டும் மகாராஷ்டிராவில் சாகன் ஆலையில். 2024 நவம்பர் 26 அன்னைக்கு சென்னையில் அறிமுகம். அப்போ பேரு பிஇ 6இ. இண்டிகோ விமான நிறுவனம் ‘6இ எங்க அடையாளம்’னு கோர்ட்டுக்குப் போனதும் கடைசி எழுத்தை எடுத்துட்டாங்க. பேருக்குக்கூட வக்கீல் செலவு!

சரி, பணத்துக்கு வருவோம். பிஇ 6, எக்ஸ்இவி 9இ ரெண்டுக்கும் சேர்த்து பவர்டிரெயின், மென்பொருள், ஆலைத் திறன் எல்லாத்துக்கும் சுமார் 4,500 கோடி ரூபாய்னு நிறுவனமே சொல்லியிருக்கு. 2022-27 நிதியாண்டுகளுக்குத் திட்டமிட்ட 16,000 கோடியில் இது ஒரு பகுதி. பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் இன்வெஸ்ட்மென்ட், சிங்கப்பூரின் டெமாசெக் எல்லாம் இந்தப் பிரிவுல காசு போட்டிருக்காங்க. ஆலையின் திறன் வருஷத்துக்கு 90,000 வண்டி. 5 வருஷம் முழுத் திறனில் ஓடினா 4.5 லட்சம் வண்டி, அதாவது வண்டிக்கு 1 லட்சம் ரூபாய் உருவாக்கச் செலவு. மூணுல ஒரு பங்குதான் வித்துச்சுன்னா அதே செலவு வண்டிக்கு 3 லட்சம். இரும்பு, பேட்டரி, டயர், கூலி எல்லாம் இதுக்கு மேலதான்.

அதனாலதான் புது மாடல் வந்த உடனே எந்த கம்பெனியும் டாப் வேரியன்ட்டைத் தள்ளப் பார்க்கும். மென்பொருளை ஒரு தடவை எழுதிட்டா அடுத்த வண்டியில் ஏத்த பெரிசா செலவு இல்ல. ஏ.ஆர். ரஹ்மான் அமைச்ச ஒலிகளும் அப்படித்தான். பெரிய பேட்டரிக்கு மட்டும் நிஜமாவே காசு ஆகும். பேக் ஒன்னுல 59 கிலோவாட் ஹவர், அறிமுக ஷோரூம் விலை 18.90 லட்சம். பேக் த்ரீல 79, அறிமுக விலை 26.90 லட்சம். நடுவுல 8 லட்சம் இருக்கு. அதுல பேட்டரிக்குப் போனது போக மிச்சத்துலதான் உருவாக்கச் செலவை மீட்டெடுப்பாங்கங்கிறது என் கணிப்பு.

மக்கள் என்ன பண்ணாங்க? 2025 பிப்ரவரி 14, முதல் நாள் புக்கிங்ல ரெண்டு மாடலுக்கும் சேர்த்து 30,179 வண்டி, மதிப்பு 8,472 கோடி. சராசரி போட்டா ஒரு வண்டி 28 லட்சம். புக் பண்ணினவங்கள்ல 73% பேர் பேக் த்ரீ!

இதுக்கு உதவி பண்றது இஎம்ஐ கணக்கு. 20% முன்பணம், 9% வட்டின்னு வெச்சுக்குவோம். பேக் ஒன்னுக்கு 4 வருஷக் கடன்னா மாசம் 37,626. பேக் த்ரீக்கு 6 வருஷம்னா 38,791. மாசம் 1,165 ரூபாய்தானே ஜாஸ்தி, டாப் மாடலே எடுத்துக்கலாம்னு தோணும். தோணணும்னுதான் வருஷத்தை நீட்டிக் காட்டுறாங்க. மொத்த வட்டியைப் பாருங்க: முதலாவதுக்கு 2.94 லட்சம், ரெண்டாவதுக்கு 6.41 லட்சம். முன்பண வித்தியாசம் வேற 1.6 லட்சம். கையில் 80,000 வர்றவருக்கு 38,791-ங்கிறது சம்பளத்துல 48%. அதுவும் 72 மாசம். நடுவுல கல்யாணம், வீட்டுக் கடன், கம்பெனி மாறுறது எல்லாமே வரும்ங்க.

மின்வண்டிக்குன்னு சில லாபம் நிஜமாவே இருக்கு. ஜிஎஸ்டி 5%தான். பெரிய பெட்ரோல், டீசல் எஸ்யூவிக்கு 2025 செப்டம்பர்ல குறைச்ச பிறகும் 40%. தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல விலை போற காருக்கு சாலை வரி 20%, மின்வண்டிக்கு விலக்கு கொடுத்தாங்க. ஆனா ஷோரூம் விலையில் சார்ஜர் சேர்க்கல. அறிமுகத்தப்போ 7.2 கிலோவாட் சார்ஜருக்குத் தனியா 50,000. வாடகை வீட்டுல இருக்கிறவங்க அதை மாட்டுறதுக்கு முன்னாடி ஹவுஸ் ஓனர்கிட்ட பேசணும், மீட்டர் லோடு பார்க்கணும். பிஜியில் இருந்தா இது நடக்கிற காரியம் இல்ல.

எனக்குப் பிடிச்ச வழி, ரெண்டு மூணு வருஷம் பொறுத்து செகண்ட் ஹேண்ட்ல எடுக்கிறது. உருவாக்கச் செலவுல பெரும்பங்கை முதல் ஓனர் சுமந்திருப்பார். ஆரம்பக்கால மென்பொருள் கோளாறுகளும் அப்டேட்ல சரியாகியிருக்கும். கவனிக்க வேண்டியது பேட்டரி வாரண்டி. ஆயுள் முழுக்கன்னு விளம்பரத்துல சொல்றது முதல் ஓனருக்கு மட்டும். கை மாறினா, முதல் பதிவுல இருந்து 10 வருஷம் அல்லது 2 லட்சம் கிலோமீட்டர், எது முன்னாடி வருதோ அதோட முடிஞ்சுது. 3 வருஷ வண்டின்னா மிச்சம் 7 வருஷம். ஆர்சியில் முதல் பதிவுத் தேதி, ஓடின கிலோமீட்டர், சர்வீஸ் சென்டர்ல எடுத்த பேட்டரி ரிப்போர்ட், இந்த மூணும் கைக்கு வந்த பிறகு விலை பேச உட்காருங்க.