மீன் உணவும் ஒவ்வாமையும்

கடலே களஞ்சியமாக விளங்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மீன் முதன்மையான புரத உணவாகும். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களை உண்ட சிலருக்கு முகம் சிவத்தல், அரிப்பு, தடிப்பு, தலைவலி, வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றுவதுண்டு. உடனே, மீன் தமக்கு ஒவ்வாது என முடிவு செய்வோர் உளர்.

இம்முடிவு எப்போதும் சரியன்று. இம்மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீன் வெப்பத்தில் கிடந்தால், பாக்டீரியங்கள் அதனை ஹிஸ்டமினாக மாற்றுகின்றன. ஒவ்வாமையின்போது உடலே வெளிவிட்டு அழற்சியைத் தூண்டும் பொருளும் இதுவே. ஆகவேதான் இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருக்கின்றன. ஹென்றி டேல் 1910-ஆம் ஆண்டளவில் இதன் செயலை ஆராய்ந்தார். சமைத்தாலும் உப்பிட்டாலும் ஹிஸ்டமின் அழியாது.

இரண்டையும் எவ்வாறு பிரித்தறிவது? ஒரே மீனை உண்ட பலரும் துன்புற்றால், கெட்ட மீனை ஐயுறலாம். ஒருவருக்கு மட்டும், புதிய மீனாயினும், உண்ணுந்தோறும் துன்பம் நேர்ந்தால் அது உண்மையான ஒவ்வாமையாகலாம். இதனை மருத்துவரே உறுதி செய்தல் வேண்டும். வீட்டில் மீண்டும் உண்டு சோதித்தல் ஆகாது. மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றின், நோயாளியைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.

காரணமின்றி மீனை விலக்கிய குழந்தைக்கு முட்டை, பருப்பு முதலிய ஈடான உணவு கிடைக்காவிடில், எடை குன்றும், வளர்ச்சியும் தடைப்படும். பிடித்தவுடன் படகிலேயே மீனைப் பனிக்கட்டியில் இட்டு, 4 பாகை செல்சியசுக்கு மேற்படாமல் காப்பதே தக்க வழி. களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை மக்களுக்கு எடுத்துரைப்பின், நல்லுணவு வீணே விலக்கப்படாது.