ஒரு மிடறு நீர்

உண்ணும் முறையை நம் முன்னோர் உண்டல், தின்றல், நக்கல், பருகல் என நான்காக வகுத்தனர்; சுவையை ஆறென எண்ணினர். ஆயின் வாயிலிட்டதை விழுங்குதல் என்னும் வினையைப்பற்றி நாம் நின்று எண்ணுவது அரிது. அது தானே நிகழ்வது. பழுதின்றி நிகழுங்காறும் எண்ணத்திற்கு இடந்தராதது. நாள் ஒன்றிற்குப் பல நூறு முறை நாம் விழுங்குகின்றோம். துயிலும்போதும் இடையிடையே உமிழ்நீரை விழுங்குகின்றோம். இவ்வினை பழுதுபட்டார் நிலையையும், அப்பழுதை ஆராய்தற்பொருட்டுப் பல துறை அறிஞர் ஒருங்கு கூடிய வரலாற்றையும் ஈண்டு யாம் கூறப் புகுகின்றோம்.

மிடறு என்பது ஒரு நாற்சந்தி. மூக்கினின்றும் வாயினின்றும் இரு வழிகள் அதன்கண் வந்து இறங்குகின்றன. அதனின்று மூச்சுக்குழல் முன்னும் உணவுக்குழல் பின்னுமாக இரு வழிகள் பிரிகின்றன. மூக்கின்வழி வரும் காற்று முன்குழலிற்கும், வாயின்வழி வரும் கவளம் பின்குழலிற்கும் போதல் வேண்டுதலின், காற்றும் கவளமும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. கவளம் கடக்கும்போது மூச்சு நிற்றல் வேண்டும். அண்ணத்தின் பின்பகுதி எழுந்து மூக்கின் வழியை அடைத்தல் வேண்டும். குரல்வளை மேலும் முன்னுமாக உயர்ந்து நாவின் அடியில் ஒதுங்கித் தன் வாயிலை மூடிக்கொள்ளல் வேண்டும். உணவுக்குழலின் மேல்வாயில் அவ்வேளையிலேயே திறத்தல் வேண்டும். ஏறக்குறைய 30 இணைத் தசைகள், மூளையினின்று வரும் நரம்புகள் சிலவற்றின் ஏவலால் இவ்வினையில் ஈடுபடுகின்றன. மிடற்றில் நிகழும் பகுதி ஒரு நொடி அளவில் முடிந்துவிடுகின்றது.

இவ்வொழுங்கு சிறிது பிறழ்ந்தால் புரையேறுகின்றது. அப்போது யாரோ நினைக்கின்றார் என்று கூறி உச்சந்தலையில் தட்டுதல் நம் வீடுகளில் வழக்கம். நினைப்பவர் எவராயினும் ஆகுக. அவ்விருமல் நுரையீரலைக் காக்கும் காவலன் என்பதே உண்மை. அஞ்சத்தக்கது இருமல் அன்று; இருமல் எழாமையே. பக்கவாதத்தால் தாக்குண்டார், பார்க்கின்சன் என்னும் நடுக்குநோய் உடையார், முதுமையில் நினைவு அழியும் நோயாளர், கழுத்திலும் வாயிலும் எழுந்த புற்றுநோய்க்குக் கதிர்மருத்துவம் பெற்றார் ஆகியோருட் பலர்க்கு மிடற்றின் உணர்ச்சி மழுங்கிவிடுகின்றது. அவர் பருகிய நீர் மூச்சுக்குழலிற் புகுந்தும் அவர் இருமுவதில்லை. அருகிருந்து ஊட்டும் மகளும் அதனை அறிவதில்லை. வாயிலுள்ள நுண்கிருமிகளை ஏந்திச் செல்லும் அந்நீர் நுரையீரல் அழற்சியை விளைத்து உயிரையும் கவரக்கூடும். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் நோயாளருள் ஏறக்குறையப் பாதிப்பேர்க்கு விழுங்குதலில் இடர் உண்டு என்பர். ஒரு மிடறு நீர் தருதலும் ஆய்ந்து செய்ய வேண்டிய செயலாகிவிடுகின்றது.

இந்நோய் எந்த மருத்துவர்க்கு உரியது? வாயும் மிடறும் காது மூக்குத் தொண்டை மருத்துவர்க்கு உரியன. உணவுக்குழல் இரைப்பை குடல் மருத்துவர்க்கு உரியது. நரம்பும் மூளையும் நரம்பியலார்க்கும், நுரையீரல் நெஞ்சக மருத்துவர்க்கும் உரியன. விழுங்குதலோ ஒரு நொடியில் இவ்வெல்லைகள் அனைத்தையும் கடந்து போகின்றது. ஒவ்வொருவரும் தம் எல்லைக்குட்பட்ட பகுதியை ஆய்ந்து, 'இங்குக் குறையொன்றும் இல்லை' என்று கூறி நோயாளரை அடுத்தவர்பால் அனுப்பிவிடக்கூடும். நோயாளரோ நாடோறும் மெலிவர்.

இக்கூட்டத்தில் பேச்சுப் பயிற்சி வல்லாரும் முதன்மையான இடம் பெற்றிருத்தல் முதலிற் கேட்பார்க்கு வியப்பாகத் தோன்றும். தமிழ் பயில்வார்க்கு அவ்வியப்பு வேண்டா. எழுத்துக்களின் பிறப்பைக் கூறப்போந்த தொல்காப்பியர், பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டிடங்களைச் சுட்டுகின்றார். அவற்றுட் பெரும்பாலன விழுங்குதற்கும் உரிய உறுப்புக்களே. நா அண்ணத்தை ஒற்றினால் எழுத்துப் பிறக்கின்றது; அதே நா அதே அண்ணத்தை அழுத்திப் பின்செல்லின் கவளம் மிடற்றில் இறங்குகின்றது. நாவின் இயக்கத்தை வாழ்நாள் முழுதும் நோக்கியவர் இவ்வாராய்ச்சிக்குத் துணையானமை இயல்பேயாம்.

விரைந்து மறையும் இவ்வினையை முதலிற் கண்ணாற் காண வழிசெய்தவை எக்ஸ் கதிர்கள். ரான்ட்ஜன் அவற்றைக் கண்டறிந்தது 1895-இல். மறு ஆண்டே அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராயிருந்த வால்ட்டர் கேனன், கதிரை மறைக்கும் பிஸ்மத் என்னும் பொருளை உணவிற் கலந்து பெருவாத்திற்கு ஊட்டி, அதன் நீண்ட கழுத்தினூடே கவளம் இறங்குதலைத் திரையிற் கண்டார். அவரும் மோசர் என்னும் உடன்மாணவரும் எழுதிய கட்டுரை 1898-இல் வெளிவந்தது. மாணவர் இருவர் செய்த செயல் இது என்பதை யாம் சற்றே அழுத்திக் கூறுதலைக் கல்லூரி மலரைப் படிப்போர் பொறுப்பாராக.

பின்னர் பேரியம் என்னும் பொருள் பிஸ்மத்தின் இடத்தைப் பெற்றது. இயங்கும் படங்களாகப் பதிக்கும் கருவிகளும் வந்தன. இக்கருவிகளைக்கொண்டு பல துறையாரை ஒருங்கு கூட்டியவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர், பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கதிர்ப்பட அறிஞர் மார்ட்டின் டானர். விழுங்குதற்கெனவே தனி நிலையம் ஒன்று அவர் முயற்சியால் அங்கு அமைந்தது. 'டிஸ்பேஜியா' என்னும் இதழையும் அவர் 1986-இல் தொடங்கினார். 'உண்ணல் இடர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆகிய பெயர் அது. மற்றொருபால், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பேச்சுத்துறை அறிஞர் ஜெரி லோக்மன் அம்மையார், பேரியம் கலந்த நீரையும் கூழையும் பிஸ்கோத்தையும் சிறிது சிறிதாகத் தந்து படமெடுத்து, எப்பதத்தில், எந்நிலையில் நோயாளர் இடரின்றி விழுங்குவர் என்று ஆராயும் முறையைப் பரப்பினார். அதனை விரித்துக் கூறும் அவர்தம் நூல் 1983-இல் வெளிவந்தது.

கூடி ஆராய்தலால் விளைந்த பயனுக்குச் சான்றொன்று காட்டுவாம். கவளம் வாயிலேயே முழுதும் உருவாகி, அதன்பின்னரே மிடற்றிற்குச் செல்லும் என்று நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. பால்ட்டிமோரில் மறுவாழ்வு மருத்துவராயிருந்த ஜெஃப்ரி பாமரும், விலங்குகள் மெல்லும் முறையை ஆய்ந்து தேர்ந்த உடலமைப்பியல் அறிஞர் கேரன் ஹீமே அம்மையாரும் இணைந்து, நோயற்ற மக்கள் வாழைப்பழமும் கடிய பிஸ்கோத்தும் தின்னுவதைப் படமெடுத்து ஆராய்ந்தனர். மென்றுகொண்டிருக்கும்போதே உணவின் ஒரு பகுதி நாவின் பின்புறம் சென்று மிடற்றின் மேற்பகுதியில் திரண்டு காத்திருத்தலை அவர்கள் கண்டனர். அவர்களது விரிவான கட்டுரை 1999-இல் வந்தது. நீர் பருகச் சொல்லி எடுத்த படத்திலிருந்து எல்லா உணவிற்கும் விதி வகுத்தல் பொருந்தாது என்பது இதனாற் புலனாயிற்று. இடையில், 1988-இல் சூசன் லாங்மோர் அம்மையாரும் உடனுழைத்தாரும் மூக்கின்வழி நுண்ணிய ஒளிக்குழலைச் செலுத்தி மிடற்றை நேரே காணும் முறையை வெளியிட்டனர். மான்செஸ்டரில் ஷாஹீன் ஹாம்டியின் குழுவினர் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டி, விழுங்குதலை ஆளும் பகுதி பெரும்பாலார்க்கு மூளையின் ஒரு பக்கத்தே மிக்கும் மறுபக்கத்தே குறைந்தும் உளதென 1996-இல் காட்டினர்.

இனி யாம் மிகவும் மதிக்கும் ஆராய்ச்சிக்கு வருவோம். நீர் மெல்லியது, விரைந்து ஓடுவது. ஆதலின் விழுங்க இடர்ப்படுவார்க்கு அதனை மாவிட்டுத் தடிப்பாக்கித் தருதல் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்தை ஐயுறுதற்கும் துணிவு வேண்டும். லோக்மன், ஜோஆன் ராபின்ஸ் என்னும் அறிஞர் முதலியோர் அடங்கிய பெருங்குழு ஐயுற்றது. பார்க்கின்சன் நோயோ நினைவழியும் நோயோ உடைய 711 பேரைக் கொண்டு, மோவாயைத் தாழ்த்தி மெல்லிய நீரைப் பருகல், இளம்பாகு போன்ற நீரைப் பருகல், தேன் போன்ற நீரைப் பருகல் ஆகிய மூன்றையும் எக்ஸ் கதிரில் ஒப்புநோக்கினர். நீர் மூச்சுக்குழலிற் புகக் கண்டது முறையே நூற்றுக்கு 68, 63, 53 பேரிடம். தேன்பதமே சிறந்ததென்று இவ்வளவில் எவரும் முடிவுகட்டுவர்.

குழுவினர் அங்ஙனம் முடிவுகட்டிலர். 515 பேரை மூன்று திங்கள் தொடர்ந்து நோக்கினர். நுரையீரல் அழற்சி கண்டது, மோவாய் தாழ்த்திப் பருகினாருள் நூற்றுக்கு 9.8, தடித்த நீர் பெற்றாருள் 11.6. இவ்வேற்றுமை பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால் தடித்த நீர் பெற்றாருள் நூற்றுக்கு 6 பேர் உடல் நீர் வற்றி வருந்தினர். மற்றவருள் 2 பேரே. காய்ச்சலும் சிறுநீர்வழி நோயும் முன்னவரிடமே மிகுந்தன. இம்முடிபுகள் 2008-இல் வெளிவந்தன. எவ்வுதவியுமின்றி நீர் பருகினார் கூட்டமொன்று இதில் இல்லாமையால், தடித்த நீர் பயனற்றதென்றே கூறிவிடுதல் ஆகாது. எனினும் படத்திற் காணும் நன்மையும் படுக்கையிற் காணும் நன்மையும் ஒன்றல்ல என்பது வெளிப்பட்டது. கதிர்ப்படத்தை மட்டும் நோக்குவார்க்கு நோயாளரின் வறண்ட நா புலப்படாது. அதனைக் காண்பவர் செவிலியரும் உணவியலாருமே. தடித்த நீர் வேட்கையைத் தணித்தலும் அரிது. கூழைக் குடித்துத் தாகம் தீர்ந்தார் யார்?

மற்றோர் இடரும் இருந்தது. தேன்பதம் என்றால் எந்தத் தேன்? நாட்டுக்கு நாடு, மருத்துவமனைக்கு மருத்துவமனை அச்சொல்லின் பொருள் வேறுபட்டது. பாகின் பதத்தைப்பற்றி நம் வீட்டுப் பெரியோர் இருவர் ஒன்றுபடுதலே அரிதாயின், உலகத்தார் ஒன்றுபடுதல் எங்ஙனம்? 2013-இல் பேச்சுப் பயிற்சியாளர், உணவியலார், செவிலியர், மருத்துவர், பொறியியலார் ஆகியோர் பல நாடுகளினின்றும் கூடி, பொது அளவொன்றை வகுக்கத் தொடங்கினர். உணவும் நீரும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாயின. நீரின் தடிப்பை அளக்க அவர்கள் கண்ட வழி மிக எளிது: ஊசியில்லாத 10 மில்லி மருந்துப்பீச்சியை நிரப்பி, பத்து நொடி ஒழுகவிடுதல். 1 மில்லிக்குக் குறைய எஞ்சின் அது வெறும் நீர். 1 முதல் 4 வரை எஞ்சின் முதற்படி. 4 முதல் 8 வரை இரண்டாம் படி. 8-க்கு மேல் எஞ்சியும் சிறிது ஒழுகின் மூன்றாம் படி. ஒரு துளியும் ஒழுகாதாயின் நான்காம் படி. பீச்சிகளும் ஒன்றுபோல் இல்லாமையால், சுழியினின்று 10 மில்லிக் கோடுவரை 61.5 மில்லிமீட்டர் நீளமுடையதையே கொள்ளல் வேண்டும் என்றும் வரையறுத்துள்ளனர்.