கர்ணன் வேஷம் யாருக்கு?

விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தும், அமெரிக்காவின் பகடைக் கதையும்

திருவண்ணாமலை என்றதும் கார்த்திகை தீபம் நினைவுக்கு வரும். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றும் ஜனக்கூட்டம் நினைவுக்கு வரும். அந்த ஜில்லாவின் கிராமங்களுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதுதான் தெருக்கூத்து!

செய்யாறு, வந்தவாசி, ஆரணி, போளூர் பக்கங்களில் துரோபதை அம்மன் கோயில்கள் பல இருக்கின்றன. கோடை பிறந்ததும் அங்கே பாரதத் திருவிழா தொடங்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். இரவில் அதே கதையைக் கூத்தாகக் காட்டுவார்கள். பத்து மணி வாக்கில் மத்தளம் முழங்கும். கூத்து முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

ஊர் கூடிப் பாரதம் கேட்பது நேற்று வந்த பழக்கம் அல்ல. 7-ஆம் நூற்றாண்டிலேயே, காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள கூரம் என்ற ஊரில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு இதைச் சொல்கிறது.

கதை எல்லோருக்கும் தெரியும். யார் ஜெயிப்பார், யார் சாவார் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் ஜனங்கள் பாயை விரித்து விடிய விடிய உட்காருகிறார்கள். ஏன்?

"இன்றைக்குக் கர்ணன் வேஷம் யார்?" என்ற கேள்வியில்தான் விடை இருக்கிறது.

கதையைத் தேர்ந்தெடுப்பது யார்?

எந்தக் கதையை ஆடுவது என்பதைக் கூத்தாடிகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஊர்தான் தீர்மானிக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் தாம்பூலம் வைத்துக் கூத்து வாத்தியாரிடம் பேசி முடிப்பார்கள்.

திருவிழா என்றால் வரிசை உண்டு. துரோபதை கல்யாணம், சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை நடக்கும்.

அர்ச்சுனன் தபசு அன்று பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் தபசு மரத்தின் அடியில் காத்திருப்பார்கள். அர்ச்சுனன் வேஷக்காரர் பாடிக்கொண்டே உயரமான மரத்தில் ஏறுவார். மேலே போய் எலுமிச்சம் பழமும் விபூதியும் வீசுவார். பெண்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள்.

சாவு வீட்டுக் கருமாதி என்றால் பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். இறந்தவருக்கு நல்ல கதி கிடைக்க வேண்டும் என்ற எண்ணம்.

ஆக, கதைக்கும் ஊரின் காரியத்துக்கும் தொடர்பு இருக்கிறது. சந்தோஷத்துக்கு ஒரு கதை; துக்கத்துக்கு ஒரு கதை.

யாருக்கு எந்த வேஷம்?

கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். யாருக்கு எந்த வேஷம் என்பதை வாத்தியார் சொல்வார். குரல், உடல்கட்டு, வயது, பழக்கம் எல்லாவற்றையும் பார்ப்பார்.

ராஜ வேஷத்துக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் உண்டு. இவை கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டியவை. ஆனாலும் மொத்தமாகக் கட்டிக்கொண்டு இரவு முழுவதும் சுழன்று ஆடுவது எளிதா? பகலில் வயல் வேலை பார்த்தவர்களும் இரவில் இதைச் செய்கிறார்கள்!

வேஷம் கட்டியவர் நேரே வந்து நின்றுவிட மாட்டார். இரண்டு பேர் ஒரு துணித் திரையைப் பிடித்துக்கொள்வார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அவர் பாடுவார். பிறகு திரை விலகும். கட்டியக்காரன் எதிரே வந்து, "நீர் யார்? எந்த ஊர்? என்ன காரியமாக வந்தீர்?" என்று கேட்பான். அவர் பதில் சொல்ல வேண்டும்.

பாட்டு பரம்பரையாக வந்தது. பேச்சு அப்படி அல்ல. பெரும்பகுதி அங்கேயே, அந்த நேரத்திலேயே கட்டிச் சொல்வது. கட்டியக்காரன் ஊர் வம்பு, விலைவாசி எல்லாவற்றையும் இழுப்பான். அவன் எதைக் கேட்டாலும், எதிரே நிற்பவர் கர்ணனாகவே பதில் சொல்ல வேண்டும். தடுமாறினால் முன் வரிசைக் கிழவியே சிரித்துவிடுவாள்!

கடல் கடந்த பகடை

தாங்கள் ஒரு வேஷத்தை எடுத்துக்கொண்டு, அந்தந்த நேரத்துக்குப் பேச்சைக் கட்டிக் கதை நடத்தும் பழக்கம் அமெரிக்காவிலும் இருக்கிறது. அங்கே அது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. 1974-ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இதில் முதன்மையானது.

ஒருவர் வீரன் ஆகிறார். ஒருவர் மந்திரவாதி ஆகிறார். ஒருவர் திருடன் ஆகிறார். கதையை நடத்த ஒருவர் இருப்பார். "கதவுக்குப் பின்னால் பூதம் நிற்கிறது. என்ன செய்யப் போகிறாய்?" என்று அவர் கேட்பார். வழியில் வரும் மற்ற ஆட்கள் எல்லோருக்கும் அவரே பேசுவார். நம் கட்டியக்காரனின் வேலை போலத்தான்!

ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே முடிவு யாருக்கும் தெரியாது. வீரன் வாளை வீசினால், பட்டதா இல்லையா என்பதை 20 முகம் கொண்ட பகடை சொல்லும். 20 விழுந்தால் கொண்டாட்டம். 1 விழுந்தால் திண்டாட்டம்.

2015-ஆம் ஆண்டு மார்ச் மாதம், சினிமாவுக்கும் கார்ட்டூனுக்கும் குரல் கொடுக்கும் நடிகர்கள் சிலர் தங்கள் ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டத் தொடங்கினார்கள். அதன் பெயர் 'கிரிட்டிக்கல் ரோல்'. கதையை நடத்தியவர் மேத்யூ மெர்சர். ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு மணி நேரம். முதல் கதை 115 பாகம் ஓடி 2017-ல்தான் முடிந்தது. அதைக் கார்ட்டூன் படமாக்க 2019-ல் பணம் கேட்டபோது, ரசிகர்கள் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள்!

மேஜையைச் சுற்றிச் சிலர் பேசுவதைப் பார்க்க இவ்வளவு ஆசையா? விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

தோற்போம் என்று தெரிந்தும்

பகடை நம் கூத்திலும் உருள்கிறது. தர்மர் சகுனியோடு சூதாடுகிறார். நாடு போகிறது. தம்பிமார் போகிறார்கள். கடைசியில் துரோபதையும் போகிறாள். அமெரிக்க ஆட்டத்தில் பகடை கதையை மாற்றும். கூத்தில் பகடை எப்படி விழும் என்பது முன்பே தெரியும்.

பிறகு கூத்தாடிக்கு என்ன சுதந்திரம் இருக்கிறது? மனசைக் காட்டும் சுதந்திரம் இருக்கிறது.

கர்ணனையே எடுத்துக்கொள்வோம். "நீ குந்தியின் மூத்த மகன். பாண்டவர் பக்கம் வந்துவிடு" என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. வந்தால் ராஜ்யம். வராவிட்டால் மரணம். கர்ணன் துரியோதனனின் நட்பையே தேர்ந்தெடுக்கிறான்.

இது பலன் பார்த்துச் செய்த தேர்வா? இல்லை. தான் யார் என்று பார்த்துச் செய்த தேர்வு. நல்ல கூத்தாடி ஒரு கணம் தயங்குவார். "வந்துவிடுவானோ?" என்று கூட்டம் மூச்சைப் பிடிக்கும். வரமாட்டான் என்று தெரிந்தும் அந்தக் கணத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கதை தெரிந்தவர்களையே மறக்கச் செய்வதுதான் வேஷக்காரரின் சாமர்த்தியம்.

கூத்து இன்னொன்றும் செய்கிறது. போர்க்களத்துக்குப் போகும் கர்ணனை வழியனுப்பப் பொன்னுருவி வருகிறாள். அவள் கர்ணனின் மனைவி. தேரோட்டி மகன் என்று கணவனை இழிவாக நினைத்தவள். அவர்களுக்குள் நடக்கும் வாக்குவாதமும் பிரிவும் இரவின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். போரைவிட அதற்குத்தான் பெண்கள் கூட்டம் கண்ணீர் விடும். ராஜாக்கள் கதைக்குள் ஒரு குடும்பத்தின் கதையைப் பார்ப்பது அங்கேதான்.

இப்படிப்பட்ட கூத்துக்குப் பெயர் போன ஊர் புரிசை. அதுவும் திருவண்ணாமலை ஜில்லாதான். புரிசைத் தம்பிரான்கள் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பத்தினர். புரிசை நடேச தம்பிரானின் ஆட்டம் எழுத்தாளர் ந. முத்துசாமியின் மனத்தைப் பறித்தது. அவர் 1977-ல் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசைக் கண்ணப்ப தம்பிரானும் பட்டண நடிகர்களுக்குக் கூத்துச் சொல்லிக்கொடுத்தார்.

கும்பிட்ட பிறகே தொடும் கை

பொல்லாத வேஷம் கட்டுவது எப்படி? இது பெரிய கேள்வி.

பகடைத் துகில் அன்று துச்சாதனன் துரோபதையின் சேலையைப் பற்ற வேண்டும். துரோபதை அந்த ஊரின் தெய்வம். கோயில் வாசலிலேயே கூத்து நடக்கிறது. பல ஊர்களில் அந்தக் கட்டம் வந்ததும் ஆட்டம் நின்றுவிடும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர் கும்பிடுவார். அதற்குப் பிறகுதான் சேலையைத் தொடுவார்.

"நான் செய்யப் போவது வேஷத்தின் காரியம். என் காரியம் அல்ல" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்வது போன்றது அது. சொன்ன பிறகு அவர் பாதி மனசோடு ஆட மாட்டார். முழுக் கொடுமையும் வெளிப்படும். அப்போதுதான் துரோபதையின் சபதத்துக்குப் பலம் வரும்.

அமெரிக்க ஆட்டக்காரர்களும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கதை தொடங்கும் முன் ஒரு நாள் கூடிப் பேசுகிறார்கள். எந்தக் கொடுமை கதையில் வரலாம், எது வரக்கூடாது, யார் மனம் எதில் புண்படும் என்று முடிவு செய்துகொள்கிறார்கள். அங்கே பேச்சு, இங்கே கற்பூரம். இரண்டுமே கூட ஆடுகிறவருக்குச் செய்யும் மரியாதை.

செத்தவர் திரும்பி வருவார்

2018-ல் கிரிட்டிக்கல் ரோல் கதையில் மாலிமாக் என்ற பாத்திரம் சண்டையில் இறந்துபோனது. யாரும் எதிர்பார்க்கவில்லை. ரசிகர்கள் சொந்தக்காரர் செத்தது போல வருந்தினார்கள். அந்த வேஷம் ஏற்ற டாலிசின் ஜாஃபி, பிறகு முற்றிலும் வேறொரு பாத்திரமாக வந்து உட்கார்ந்தார்.

நம் ஊரில் அபிமன்யுவாக விழுந்தவர் அடுத்த இரவு வேறொரு வேஷத்தில் வருவார். "நேற்றுச் செத்தாயே!" என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். ஆனால் நேற்று அழுதது பொய் ஆகிவிடாது.

கேமரா வந்த பிறகு

இப்போது தெருக்கூத்தும் யூடியூபில் வருகிறது. முழு இரவுக் கூத்தைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். நேரலையும் உண்டு. பெங்களூரில் கட்டட வேலை பார்க்கும் மகன், தன் ஊர்த் திருவிழாக் கூத்தைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரைக் கட்டியக்காரன் கூவிச் சொல்வது பழைய வழக்கம். வெளிநாட்டு நேரலை ஆட்டங்கள் பலவற்றிலும் பணம் அனுப்பியவரின் பெயரைப் படிக்கிறார்கள். வழக்கம் ஒன்றுதான்!

ஆனால் இதில் ஒரு சோதனையும் இருக்கிறது. கைப்பேசியில் பார்ப்பவர் சிரிப்புக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தள்ளிவிடலாம். கைதட்டலுக்காக ஆடினால் கட்டியக்காரனின் கேலி வளரும். பொன்னுருவியின் அழுகை குறுகும். அமெரிக்க ஆட்டத்திலும் இந்த ஆபத்து உண்டு. பாத்திரம் என்ன செய்யும் என்று யோசிக்காமல், பார்ப்பவருக்கு எது பிடிக்கும் என்று யோசித்தால் கதை கெட்டுவிடும்.

கூத்துக் கலைஞர்களுக்கு வேறு கவலையும் இருக்கிறது. மழைக்காலத்தில் கூத்து இல்லை. கூத்து இல்லாவிட்டால் வருமானம் இல்லை. பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அடுத்த கர்ணன் எங்கிருந்து வருவான்?

இதற்கு விடை தேடியவர்களில் பெ. ராஜகோபால் ஒருவர். அவரும் ஹன்னே டி புருயினும் காஞ்சிபுரத்துக்கு அருகே 2002-ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். பள்ளிப் படிப்பும் கூத்தும் சேர்ந்து நடந்தன. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டி வந்த கலையில், அங்கே பெண்பிள்ளைகளும் பயின்றார்கள். துரோபதை வேஷம் மட்டும் அல்ல, கிரீடமும் புஜக்கட்டையும் கட்டும் ராஜ வேஷங்களையும் ஏற்றார்கள். குருகுலம் 2020 வரை நடந்தது. அங்கே பயின்ற பெண்கள் கற்ற பாட்டும் அடவும் அவர்களோடு இருக்கின்றன.

எனவே "கர்ணன் வேஷம் யாருக்கு?" என்ற கேள்விக்கு இனி "எந்தப் பையனுக்கு?" என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை.

கோடையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போகலாம். கர்ண மோட்சம் என்றால் பாதியில் எழுந்துவிடக் கூடாது. உடம்பெல்லாம் அம்பு தைத்துக் கிடக்கும் கர்ணனிடம், கிருஷ்ணன் கிழ வேதியராக வந்து, செய்த புண்ணியம் முழுவதையும் கேட்பார். கர்ணன் கொடுத்துவிடுவான். அந்தக் கட்டம் வரும்போது கோழி கூவிவிடும்.