தாத்தா என்ன சொன்னார்?

தாத்தாவின் சதாபிஷேக வீடியோவைப் பேரன் செல்போனிலேயே எடிட் செய்து, ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். மாலை மாற்றியது, பேரப்பிள்ளைகள் காலில் விழுந்தது எல்லாமே அழகாக வந்திருக்கிறது. கடைசியில் தாத்தா மைக்கைப் பிடித்து ஏதோ பேசுகிறார். உதடு அசைகிறது, கேட்பதென்னவோ வயலின்தான். “என்னடா சொல்றார்?” என்று பாட்டி கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. எடிட் செய்தவருக்கு மட்டும் எல்லாம் தெளிவாகக் கேட்டிருக்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருபது தடவை கேட்டவர் அவர். அடுத்த வார்த்தை என்னவென்று முன்பே தெரிவதால், காதில் விழாததை மூளையே நிரப்பிக்கொள்கிறது.

ஹாலிவுட்டும் இந்தப் புகாரிலிருந்து தப்பவில்லை. 2014-ல் ‘இன்டர்ஸ்டெல்லர்’ வெளியானபோது, இசையும் சத்தமும் வசனத்தை அமுக்குவதாக ரசிகர்கள் குறைபட்டார்கள். தெரிந்தே செய்ததுதான் என்றார் இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன். அவருக்கு அது கலை. தாத்தாவின் ஆசிக்கு அந்தச் சமாதானம் செல்லாது!

பாட்டு, காட்டு, மாட்டு. இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது முதலெழுத்தின் மெய்யொலி மட்டும்தான். உயிரொலிகள் பலமாக, நீளமாக ஒலிக்கும். மெய்யொலிகளோ கண நேரத்தில் வந்து போய்விடும், பலமும் குறைவு. அவற்றை அடையாளம் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. வயலினும் புல்லாங்குழலும் முழங்குவது அதே பகுதியில்தான். அதனால் குரல் கேட்கும், வார்த்தை புரியாது. வயதாக ஆக உச்ச ஒலிகள்தான் காதுக்கு முதலில் மங்கும் என்பதால், முதலில் தவிப்பது பாட்டிதான்.

சரி, இசையை எவ்வளவு குறைப்பது? பேச்சுப் பதிவுகளில் பின்னணி ஒலி, குரலைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ3சி அமைப்பின் இணைய வழிகாட்டி. காதுக்கு ஏறக்குறைய கால்வாசிச் சத்தம். செல்போன் செயலியில் குரல் 100 என்றால் இசையை 10-ல் வைத்துத் தொடங்கலாம். ‘என்ன, இசையே இல்லாத மாதிரி இருக்கே’ என்று தோன்றும். அதுதான் சரியான அளவு.

பேச்சு வரும்போது இசை தானாகத் தணிந்து, முடிந்ததும் எழும்பும் வசதிக்கு ‘டக்கிங்’ என்று பெயர். அது இல்லாத செயலியில், பேச்சு வரும் இடத்தில் இசையை வெட்டிப் பிரித்து, அந்தத் துண்டை மட்டும் குறைத்தால் போதும். ஈக்வலைசர் இருந்தால் இசையில் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள். பேச்சுக்குப் பின்னால் சினிமாப் பாட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் காது யார் பக்கம் போகும்?

அனுப்பும் முன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, ஃபேன் ஓடும் அறையில், போன் ஸ்பீக்கரிலேயே குறைந்த சத்தத்தில் ஓடவிடுங்கள். விழாவுக்கு வராத ஒருவரைக் கேட்கச் சொல்லி, தாத்தா என்ன சொன்னார் என்று கேளுங்கள். அவர் தடுமாறினால் இசையை இன்னும் இறக்க வேண்டியதுதான்.

இசையைக் கலந்து சேமித்துவிட்ட வீடியோவிலிருந்து குரலைப் பழையபடி சுத்தமாகப் பிரித்தெடுப்பது கஷ்டம். ஏ.ஐ. செயலிகள் பிரித்துக் கொடுத்தாலும் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுவதுண்டு. எனவே, இடம் போதவில்லை என்று பேரன் போனைக் காலி செய்வதற்குள், தாத்தா பேசிய அந்த அசல் கிளிப் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பாட்டிக்குப் பதில் சொல்ல அரை மணி நேர வேலைதான்.