லைப்சிக் நகரத்துச் சமநிலை ஆட்டம்

ஞாயிறுதோறும் சதுரங்கம் ஆடும் நம் அன்பர் சிலர், ஆட்டம் சமநிலையில் முடிந்தால் முகம் சுளிக்கின்றனர். அன்னார் பொருட்டே இதை எழுதலானேன்.

1960 நவம்பர் 1. அந்நாளைய கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் சதுரங்க ஒலிம்பியாடு. முதற்பலகையில் கறுப்புக் காய்களுடன் அமர்ந்தவர், அவ்வாண்டு மே மாதம் உலகப் பட்டம் பெற்ற சோவியத் வீரர் மிகைல் தால், வயது 23. எதிரே அமெரிக்கச் சிறுவன் பாபி பிஷர், வயது 17. முந்திய ஆண்டு யூகோஸ்லாவியாவில் இருவரும் நான்கு முறை மோதினர். நான்கிலும் பிஷருக்குத் தோல்வியே!

தொடக்கம் பிரெஞ்சுத் தற்காப்பு, அதிலும் வினாவர் முறை. கறுப்பு மந்திரி முன்வந்து வெள்ளைக் குதிரையைக் கட்டிப்போடும். சிப்பாய் விரட்டினால் அக்குதிரையை வெட்டிவிடுவதே வழக்கம். தாலோ மந்திரியைப் பின்னிழுத்தார். அது வெட்டுப்படவும் விட்டு, பதிலுக்குக் குதிரையைக் கொண்டார். இதற்குள் பிஷரின் ராணி கறுப்பு ராஜாவின் பக்கம் பாய்ந்து, அடுத்தடுத்து இரு சிப்பாய்களை விழுங்கிற்று. சிப்பாய் போனால் யானைக்குப் பாதை திறக்குமன்றோ? லைன் கிளியர் கிடைத்த வண்டி நில்லாது என்பது ரயில்வே குமாஸ்தாவாகிய எனக்குத் தெரியும்.

14-ஆம் நகர்த்தலில் தாலின் குதிரை நடுக்களச் சிப்பாயை வெட்டியது. பின்னர் நடந்தது கைகலப்பே. காய்கள் மளமளவென்று வீழ்ந்தன. திறந்த பாதையில் இறங்கிய யானை, வெள்ளை ராஜாவின் அரணாகிய சிப்பாயை வெட்டித் தானும் மாண்டது. 21-ஆம் நகர்த்தலுக்குப்பின் ராணிகள் நீங்கலாகப் பிஷரிடம் ஒரு யானை. தாலிடம் ஒரு குதிரை மட்டும். சிப்பாயும் பிஷருக்கே ஒன்று மிகுதி. ஆயினும் கறுப்பு ராணி ஓயாது செக் சொல்ல, ராஜாவுக்கு ஒளிய இடமில்லை. சமநிலை!

பர்மாவில் பிறந்த தமிழர் மானுவல் ஆரோன் இதே ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக ஆடினார். மறு ஆண்டே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானார். வெளியூர் வாழும் நம் பிள்ளைகள் அறிய வேண்டிய பெயர்.

பிஷர், 1961-இல் பிளெட் நகரில் தாலை வென்றார். 1969-இல் தம் ஆட்டங்களில் அறுபதைத் தேர்ந்து நூலாக்கியபோது, லைப்சிக் சமநிலைக்கும் அதில் இடம் தந்தார்.