ஜாவா நிரலாக்கத்தில் வார்ப்புருக்கள்: பயனும் எல்லையும்

கணினி நிரல் எழுதுவோர் ஒரே அமைப்புடைய வரிகளைத் திரும்பத் திரும்ப எழுத நேர்கின்றது. இவ்வுழைப்பைக் குறைக்கும் உத்தியே நிரல் வார்ப்புரு ஆகும். மாறாத பகுதி முன்கூட்டியே எழுதிச் சேமிக்கப்படும். மாறும் பகுதிகளுக்கு இடம் விடப்படும். 2001 இல் ஐ.பி.எம். நிறுவனம் திறந்த மூலமாக வெளியிட்ட எக்லிப்ஸ் என்னும் விருத்திச் சூழலைக் கொண்டு இதனை நோக்குவோம்.

எக்லிப்ஸில் இருவகை வார்ப்புருக்கள் உள. முதல் வகை, நிரலாளர் தாமே அழைப்பது. ‘சிஸ்அவுட்’ என்னும் குறுஞ்சொல்லைத் தட்டி, கொன்ட்ரோல் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தினால், வெளியீட்டுக் கட்டளை முழுமையாக விரியும். புதியதொன்றை ஆக்குவதற்கு, விருப்பத்தெரிவுகளில் ஜாவாத் தொகுப்பிக்குரிய வார்ப்புருப் பகுதியைத் திறந்து, பெயரையும் வடிவத்தையும் பதிதல் வேண்டும். மாறும் இடங்கள் டொலர் குறியாலும் நெளிவடைப்புகளாலும் குறிக்கப்படும். இவற்றை எக்ஸ்.எம்.எல். கோப்பாக்கி ஏனையோருடன் பகிரலாம்.

இரண்டாம் வகை, சூழல் தானாகவே எழுதுவது. சிந்தனைக்குரிய சிக்கல் இங்கேயே தோன்றுகின்றது. நிரல் இயங்கும்போது எழும் வழுவைப் பிடிக்கும் பகுதியை எக்லிப்ஸைக் கொண்டு எழுதுவித்தால், அதன் இயல்பான வார்ப்புரு, வழு எழுந்த தடத்தை அச்சிடும் ஒரு கட்டளையையும், பின்னர் கவனிக்குமாறு ஒரு குறிப்பையும் இடும். நிரலாளர் அதனை அப்படியே விட்டுவிட்டால், தடம் அச்சானதும் நிரல் ஏதும் நிகழாதது போலத் தொடர்ந்து செல்லும். கோப்பில் எழுதப்படாத தரவு எழுதப்பட்டதாகவே அடுத்த படிகள் கருதும். ஒரு தற்காலிக நிரப்பல், நூற்றுக்கணக்கான இடங்களில் நிரந்தரமாகிவிடுகின்றது.

இதற்குப் பரிகாரம் உண்டு. நிரல் நடைக்குரிய வார்ப்புருப் பகுதியில் அவ்வுடலை மாற்றி, மூலக் காரணத்தை உள்ளடக்கிய புதிய வழுவொன்றை மீண்டும் எழுப்புமாறு அமைக்கலாம். அம்மாற்றத்தைச் செயற்றிட்டத்துக்கே உரிய அமைப்பாகச் சேமித்தால், அது நிரலுடன் சேர்ந்து குழுவினர் அனைவரையும் சென்றடையும்.

எனினும் ஓர் எல்லையை மறத்தலாகாது. ஒரு செயற்கூற்றைத் திருத்தினால் அதனை அழைக்கும் இடங்கள் யாவும் அத்திருத்தத்தைப் பெறும். வார்ப்புருவைத் திருத்தினால் முன்னர் விரிந்த பிரதிகள் பழைய குறையுடனேயே நிற்கும். ஆகவே செயற்கூறாக எழுதக்கூடியதைச் செயற்கூறாகவே எழுதி, மொழியின் அமைப்பு திரும்ப எழுதுமாறு வற்புறுத்தும் வடிவங்களுக்கு மட்டுமே வார்ப்புருவைக் கொள்ளுதல் தகும்.

வார்ப்புரு தட்டச்சு உழைப்பை மட்டுமே மிச்சப்படுத்துகின்றது. அதனுள் ஒரு முடிவு உறைந்துள்ளது. அம்முடிவை, கருவியைப் பயன்படுத்துவோர் கூடி ஆராய்ந்து எடுத்தல் வேண்டும்.