வீடு ஓசூர்ல, வேலை எந்தப் பக்கம்? அத்திப்பள்ளி எல்லை உங்க பே-ஸ்லிப்பை மாத்துற கதை



காலைல ஆறு மணிக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் நின்னு பார்த்திருக்கீங்களா? கம்பெனி பஸ்கள் ரெண்டா பிரியும். ஒரு கூட்டம் சிப்காட், சூளகிரி, கிருஷ்ணகிரின்னு போகும். இன்னொரு கூட்டம் அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா, ஜிகினி, எலக்ட்ரானிக் சிட்டின்னு போகும்.

இப்ப ஒரு கற்பனைக் கணக்கு. ரெண்டு ரூம்மேட்ஸ். ஒரே டிப்ளமோ, ஒரே பேட்ச், ரெண்டு பேருக்கும் மாசம் 24,000 ரூபாய். ஒருத்தர் சிப்காட்ல, இன்னொருத்தர் பொம்மசந்திராவுல. வாடகை பாதிப் பாதி, மெஸ் பில் பாதிப் பாதி. ஆனா பே-ஸ்லிப்பைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா ரெண்டும் ஒண்ணா இருக்காது.

"சட்டப் பிரச்சினை எல்லாம் கம்பெனிக்குத்தானே, நமக்கு என்ன?"ன்னு நிறைய பேர் நினைக்கிறோம். உண்மை என்னன்னா, கம்பெனியோட எச்ஆரும் வக்கீலும் தலையைப் பிச்சுக்கிற ஒவ்வொரு விஷயமும் கடைசியில உங்க பே-ஸ்லிப்புல ஒரு வரியா வந்து நிக்குது. அதுல நாலு வரியை மட்டும் இன்னைக்குப் பார்க்கலாம்.

1. எந்த மாநிலச் சட்டம்?

நீங்க எங்க தூங்குறீங்கங்கறது கணக்கு இல்ல. எங்க வேலை பார்க்குறீங்கங்கறதுதான் கணக்கு.

பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி எல்லாம் மத்திய சட்டம். எல்லை தாண்டினாலும் மாறாது. ஆனா தொழிலாளர் விவகாரம் அரசியலமைப்பில் பொதுப் பட்டியலில் இருக்கிறது. அதாவது மத்திய அரசும் சட்டம் போடலாம், மாநிலமும் போடலாம். அதனால் சில விஷயங்கள் எல்லையில் மாறிவிடும்.

சுலபமான உதாரணம், தொழில் வரி. கர்நாடகத்தில் மாசச் சம்பளம் 25,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால் தொழில் வரி கிடையாது. அதைத் தொட்டுவிட்டால் மாசம் 200, பிப்ரவரியில் மட்டும் 300, ஆக வருஷத்துக்கு 2,500. தமிழ்நாட்டில் உள்ளாட்சி அமைப்புகள் இதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வசூல் பண்ணுகின்றன. ஆறு மாச வருமானம் 75,000-ஐத் தாண்டினால் கடைசி ஸ்லாப், அதில் அதிகபட்சம் 1,250 வரை போகும். நம்ம ரூம்மேட் ஆறு மாசத்துல 1,44,000 வாங்குறார். அதனால சிப்காட் நண்பருக்கு வருஷத்துக்கு 2,500 வரைக்கும் கட் ஆகும், பொம்மசந்திரா நண்பருக்கு பூஜ்யம்!

இன்னொண்ணு, ஓட்டு. 2024 மக்களவைத் தேர்தலில் கிருஷ்ணகிரிக்கு ஏப்ரல் 19, ஆனேக்கல் அடங்கிய பெங்களூரு ஊரகத் தொகுதிக்கு ஏப்ரல் 26. பொம்மசந்திரா கம்பெனிக்கு 26-ந் தேதிதான் லீவு. ஆனா ஓட்டு ஓசூர்ல இருக்கிறவருக்கு? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135பி பிரிவு அவருக்கும் வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோட லீவு தரச் சொல்கிறது. அவர் கேட்க வேண்டியது 19-ந் தேதி லீவு. அடுத்த தேர்தலுக்கு ஞாபகம் வச்சுக்கோங்க.

2. 480 நாள்: தமிழ்நாட்டுக்கே உரிய சட்டம்

தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம். அதன் சாரம் ஒரே வரிதான். 24 மாசத்துக்குள்ள 480 நாள் தொடர்ச்சியா வேலை பார்த்த தொழிலாளரை நிரந்தரம் ஆக்க வேண்டும். சம்பளத்தோட எடுத்த லீவும் மகப்பேறு விடுப்பும்கூட இந்தக் கணக்கில் சேரும். கர்நாடகத்தில் இதுக்கு இணையான தனிச் சட்டம் இல்லை.

கம்பெனி பக்கமும் யோசிச்சுப் பார்க்கணும். வண்டி உதிரிபாகம் பண்ற யூனிட்டுக்கு ஆர்டர் ஒரு வருஷம் ஏறும், அடுத்த வருஷம் இறங்கும். ஏறும்போது எடுத்த எல்லாரையும் நிரந்தரம் ஆக்கிட்டா, இறங்கும்போது என்ன பண்றதுன்னு பயப்படுறாங்க. அதனாலதான் பல இடங்கள்ல 11 மாச ஆர்டர், நடுவுல ஒரு சின்ன பிரேக், அப்புறம் வேற கான்ட்ராக்டர் பேர்ல மறுபடியும் அதே மெஷின்.

இதுல ஒரு எச்சரிக்கை. அப்ரென்டிஸ் சட்டத்தின் கீழ் பதிவான அப்ரென்டிஸ் இந்தச் சட்டப்படி தொழிலாளர் இல்லை. மேனேஜர் வேலை பார்க்கிறவர்களுக்கும் இது பொருந்தாது. கட்டுமானம், சீசன் தொழில் மாதிரி சில விலக்குகளும் உண்டு. ஆனா 'டிரெய்னி'ன்னு பேர் போட்டுட்டு முழு ஷிப்ட் புரொடக்ஷன் வேலை வாங்கினா, பேரை மட்டும் வச்சு விஷயம் முடிஞ்சிடாது. உண்மையில் என்ன வேலை நடந்தது என்பதும் விசாரணையில் பார்க்கப்படும். தொழிற்சாலை என்றால் இதுக்கான இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

பணத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கு. நிரந்தரம்னா ஹோம் லோன் கேட்கப் போகும்போது பேங்க்ல பேச்சே வேற. நிரந்தரம் இல்லைன்னா உங்க எமர்ஜென்ஸி ஃபண்ட் மூணு மாசச் செலவுக்குப் போதாது, குறைஞ்சது ஆறு மாசம் வேணும். டூ-வீலர் ஈஎம்ஐ-ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்க ஆர்டர்ல என்ன வார்த்தை இருக்குன்னு பாருங்க.

3. கேட்ல ஒரு பேரு, பே-ஸ்லிப்புல ஒரு பேரு

ஐடி கார்டு பெரிய கம்பெனியோடது. பே-ஸ்லிப் ஒரு மேன்பவர் ஏஜென்சியோடது. ஓசூர்ல இது சகஜம்.

ஏஜென்சி சம்பளம் போடாம விட்டா என்ன ஆகும்? 1970-ம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே இதைச் சொல்லியிருந்தது: கான்ட்ராக்டர் கொடுக்கலைன்னா முதன்மை நிறுவனம் கொடுக்கணும். புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பொறுப்பு தொடர்கிறது. பிஎஃப்-க்கும் அப்படித்தான். அதாவது உங்க மெஷின் யாரோட ஷெட்ல ஓடுதோ, அவங்களுக்கும் பொறுப்பு உண்டு.

பிஎஃப்-ல இன்னும் ஒரு படி மேல. உங்க சம்பளத்துல பிடிச்ச பணத்தை பிஎஃப் ஆபீஸ்ல கட்டாம வச்சுக்கிட்டா அது கிரிமினல் குற்றம், நம்பிக்கை மோசடி. ஒவ்வொரு மாசப் பணத்தையும் அடுத்த மாசம் 15-ந் தேதிக்குள்ள கட்டணும். லேட் ஆனா கம்பெனிக்கு 12% வட்டி, அபராதம் தனி. அதுமட்டும் இல்ல, 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: ஊழியர் பங்கை லேட்டா கட்டினால், அன்றைய வருமான வரிச் சட்டப்படி அதைச் செலவாகக் கழிக்க முடியாது. அதனால சரியான நாள்ல கட்டுறது கம்பெனிக்கும் லாபம்தான். நீங்க ஞாபகப்படுத்தினா அது சண்டை இல்ல.

4. பேசிக் சம்பளம்: சின்ன எண், பெரிய இழப்பு

இதுதான் முக்கியமான பாயின்ட். நம்ம ரூம்மேட்டோட 24,000-ஐப் பிரிச்சுப் பார்க்கலாம்: பேசிக் 8,000, எச்ஆர்ஏ 4,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 12,000. பிஎஃப் பேசிக்குக்கு மட்டும் பிடிச்சா 12% கணக்குல 960 ரூபாய்.

2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் இதைப் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. மேற்கு வங்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆரம்பித்து கண்ணாடித் தொழிற்சாலை வரைக்கும் பல துறை வழக்குகள் அதில் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. எல்லா ஊழியருக்கும் பொதுவா கொடுக்கிற அலவன்ஸ் பேசிக்கோட பகுதிதான், பிஎஃப்-ஐத் தவிர்க்க அதைத் தனியாப் பிரிக்கக் கூடாது என்பதுதான் சாரம்.

அடுத்து, 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 மத்திய சட்டங்களுக்குப் பதிலா வந்தவை இவை. 'ஊதியம்' என்பதற்கு எல்லாவற்றிலும் ஒரே விளக்கம். எச்ஆர்ஏ, பயணப்படி மாதிரி விலக்கு பெற்றவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியும் ஊதியத்தில் சேரும்.

நம்ம கணக்குல ஊதியம் 8,000 இல்ல, 20,000. பிஎஃப்-க்குக் கட்டாய வரம்பு 15,000 என்பதால் பிடிப்பு 1,800. உங்க பங்குல 840 கூடுது, கம்பெனி பங்குலயும் 840 கூடுது. கம்பெனி பங்குல ஒரு பகுதி பென்ஷனுக்குப் போயிடும். மீதி, உங்க பிஎஃப் கணக்குல கூடுதலா மாசம் கிட்டத்தட்ட 1,096 ரூபாய் சேரும். 8.25% வட்டி இப்படியே நீடிச்சா பத்து வருஷத்துல சுமார் 2 லட்சம்.

கிராஜுவிட்டி பாருங்க. அஞ்சு வருஷத்துக்கு, 8,000 மேல போட்டா சுமார் 23,000. 20,000 மேல போட்டா சுமார் 57,700. ஃபிக்ஸ்டு டெர்ம் ஆர்டர்ல இருக்கிறவங்களுக்கு இன்னொரு நல்ல செய்தி: அஞ்சு வருஷம் காத்திருக்க வேண்டாம், ஒரு வருஷம் முடிச்சாலே அந்த விகிதத்தில் கிராஜுவிட்டி உண்டு.

இதுக்கு ஒரு விலையும் இருக்கு. கையில வர்ற சம்பளம் குறையும். உங்க சிடிசி-க்குள்ளேயே கம்பெனி பங்கும் அடங்கியிருந்தா 840 இல்ல, 1,680 வரைக்கும் குறையலாம். 24,000 வாங்குற ஆளுக்கு அது மெஸ் பில்லுல பாதி. அதனால முதல் ரெண்டு மாசம் கஷ்டமா இருக்கும், பட்ஜெட்டை இப்பவே மாத்தி எழுதுங்க. ஆனா "எனக்கு பிஎஃப் வேணாம், கையில கொடுங்க"ன்னு மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

- அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுங்க. கம்பெனி பேரு, வேலை இடம், டெர்ம், மூணையும் படிங்க. கையில காப்பி இல்லைன்னா எச்ஆர்கிட்ட மெயில்ல கேளுங்க.
- சேர்ந்த நாள்ல இருந்து அட்டென்டன்ஸும் பே-ஸ்லிப்பும் போன்ல சேமிங்க. 480 நாள் கேள்வி வந்தா அதுதான் உங்க ஆதாரம்.
- ஒவ்வொரு மாசமும் 20-ந் தேதி வாக்குல உமாங் ஆப்ல பிஎஃப் பாஸ்புக் பாருங்க. ரெண்டு மாசம் வரவு இல்லைன்னா முதல்ல எச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க, அப்புறம் இபிஎஃப்ஓ குறைதீர்ப்பு தளத்துல புகார் கொடுங்க.
- எல்லை தாண்டி வேலை மாறினா யுஏஎன் அதேதான். பழைய பிஎஃப்-ஐ எடுக்காதீங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க. அஞ்சு வருஷம் முடியறதுக்குள்ள எடுத்தா வரி வரும்.
- வேலையை விட்டா ஊதிய பாக்கி ரெண்டு வேலை நாளுக்குள்ள வரணும், இது புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்றது. "நாப்பத்தஞ்சு நாள் ஆகும்"னு சொன்னா, அதை எழுத்துல கேளுங்க.

இன்னைக்கு ராத்திரி ரூமுக்குப் போனதும் ரெண்டு பேரோட பே-ஸ்லிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. எந்த வரி புரியலையோ அதைக் கமெண்ட்ல கேளுங்க. கம்பெனி பேரும் யுஏஎன் நம்பரும் மட்டும் போட வேண்டாம். 24,000 கணக்கை எக்செல்ல ஒவ்வொரு கட்டமா போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனல்ல இருக்கு, உங்க எண்ணைப் போட்டுப் பாருங்க. அடுத்த பதிவுல சந்திப்போம்!